கால் நனைக்க ஓர் ஊர்



வெளிநாடு போய் வந்த ஒருத்தி எழுத உட்கார்ந்தால், பார்த்த கட்டடங்களையும் கொடுத்த காசையும் பற்றித்தான் எழுதுவாள் என்று நீங்கள் நினைக்கக்கூடும். நான் எழுத வந்தது பெரும்பாலும் டிக்கட் வாங்காமல் பார்த்த சில இடங்களைப் பற்றி. அவற்றைப் படமெடுத்து விளம்பரம் செய்வோர் குறைவு. ஆனால் என்னைப் போல முழங்கால் வருத்தமும் மனப் பயமும் உள்ள ஒரு பெண்ணுக்கு அவைதாம் பொருந்தின.

நான் நியூஸிலாந்துக்குப் போனது ஊர் பார்க்க அல்ல. 2017 நவம்பரில், ஹமில்டன் நகரில் குடியிருக்கும் என் இளைய மகளுக்கு இரண்டாவது பிள்ளைப்பேறு. "உம்மா வராவிட்டால் எனக்கு ஏலாது" என்று தொலைபேசியில் அழுதாள். கடையை விட்டு வர முடியாது என்று இவர் ஊரிலேயே நின்றுவிட்டார். நான் தனியே புறப்பட்டேன். பொதி கட்டிக் கொண்டு போன மருந்துச் சரக்கில் பாதி விமான நிலையத்திலேயே நின்றுவிட்டது. வித்து, வேர், காய்ந்த இலை எதையும் அந்த நாட்டில் இலேசில் உள்ளே விடமாட்டார்கள். போகிறவர்கள் இதை நினைவில் வையுங்கள். எதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுவது நல்லது.

சரக்கு இல்லாவிட்டாலும் சுடுதண்ணீரையாவது விடக்கூடாது என்று நாற்பது நாளும் நானே மகளைக் குளிப்பாட்டினேன். அங்கே குழாயில் சுடுதண்ணீர் வரும். ஆனால் அந்தச் சூடு எனக்குப் போதாது. கேத்தலில் கொதிக்க வைத்து, வாளியில் ஊற்றி, பச்சைத் தண்ணீர் கலந்து, முழங்கையை விட்டுச் சூடு பார்த்து வார்ப்பேன். அப்படிப் பார்ப்பது என் ராத்தா பழக்கிய பழக்கம். எனக்கு மூன்று பிள்ளைக்கும் தண்ணீர் வார்த்தவள் அவள்தான். "கை பொய் சொல்லும், முழங்கை சொல்லாது" என்பாள்.

நாற்பது கழிந்து சில நாட்களில், 2018 ஜனவரியில், மருமகன் ஒரு பேச்சு எடுத்தார்.

"மாமி, ரொட்டொருவாக்குப் போவோம். மூன்று நாள் லீவு எடுத்திருக்கிறன்."

"அங்க என்ன மகன் இருக்கு?"

"பெரிய ஏரி. ஊரே ஏரிக்கரையிலதான்."

நான் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். மகள் அவரைக் கண்ணால் அடக்கினாள்.

காரணத்தைச் சொல்ல வேண்டும். நான் சாய்ந்தமருதுப் பெண். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலையில் ராத்தா கிணற்றடியில் உடுப்புக் கழுவிக்கொண்டிருந்தாள். எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே கிணறு. நான் தபாலகத் தெருவில் மூத்தவளின் வீட்டுக்குப் போயிருந்தேன். அதற்கு மேல் அந்த நாளைப் பற்றி எழுத மாட்டேன். கடலிலிருந்து 65 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்று பிறகு சொன்னார்கள். எங்களுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. உள்ளே தள்ளி வந்துவிட்டோம். பதின்மூன்று வருடமாக நான் கடற்கரைக்குப் போனதில்லை. மட்டக்களப்புக்குப் போனால் கல்லடிப் பாலத்தில் கண்ணை மூடிக்கொள்வேன். கடலாக இருந்தாலென்ன, குளமாக இருந்தாலென்ன, நின்று பரந்து கிடக்கும் தண்ணீரைக் கண்டால் எனக்கு வயிறு இழுக்கும்.

மருமகன் நல்ல பிள்ளை. மறுநாள் வேறு விதமாகக் கேட்டார். "ஏரியப் பார்க்க வேணாம் மாமி. அங்க தரையிலிருந்தே சுடுதண்ணி வருது. நீங்க நாற்பது நாளாக் கொதிக்க வெச்சது அங்க சும்மா ஓடுது." அந்தப் பேச்சில் விழுந்துவிட்டேன்.

ஹமில்டனிலிருந்து ரொட்டொருவா நூறு கிலோ மீற்றருக்குச் சற்று மேல். பச்சைப் புல்வெளியும் பசுக்களுமாகப் போன வழியில், ஊர் நெருங்கியபோது காருக்குள் ஒரு நாற்றம். பேரப்பிள்ளை நனைத்துவிட்டது என்று நினைத்துக் காரை நிறுத்தச் சொல்லி, துணியெல்லாம் அவிழ்த்துப் பார்த்தேன். பிள்ளை சுத்தமாக இருந்தது! மூத்த பேரன் மூக்கைப் பொத்திக்கொண்டு, "உம்மும்மா, ஊருதான் நாறுது" என்றான். கூழ்முட்டை நாற்றம். நிலத்துக்குக் கீழே இருக்கும் கந்தக ஆவி எங்கும் கசிந்து வருகிறது. இரண்டு மணித்தியாலத்தில் மூக்குக்குப் பழகிவிடும். என்றாலும் தங்கும் அறையில் யன்னலைச் சற்றுத் திறந்து வைக்க வேண்டும். அந்த ஆவி அடைபட்ட அறையில் தேங்கினால் உயிருக்கே ஆபத்து.

இந்த ஊர் எப்படி உண்டானது என்று மருமகன் சொல்லிக்கொண்டு வந்தார். சுமார் இரண்டு இலட்சத்து நாற்பதாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஓர் எரிமலை வெடித்து, உள்ளிருந்ததைக் கக்கிய பின் நிலம் அப்படியே கீழே அமிழ்ந்ததாம். அந்தப் பள்ளத்தில் நீர் நிறைந்ததுதான் ஏரி. எண்பது சதுர கிலோ மீற்றர் பரப்பு. நடுவே மொக்கோயா என்ற தீவு. "ரொட்டோ" என்றால் மாவோரி மொழியில் ஏரி. "ருவா" என்றால் இரண்டு. நம் நாட்டில் கன்னியாவையும் மகா ஓயாவையும் பார்த்தவர்கள் இருப்பீர்கள். அவை எரிமலைச் சூட்டினால் வந்தவை அல்ல. இங்கேயோ அடுப்பு நேரே காலுக்குக் கீழே எரிகிறது.

வருகிறவர்கள் எல்லாரும் போகும் இடங்களுக்கு மருமகன் பட்டியல் வைத்திருந்தார். கம்பியில் தொங்கும் பெட்டியில் மலையேறலாம். பெரிய பிளாஸ்டிக் பந்துக்குள் ஆளைப் போட்டு மேட்டிலிருந்து உருட்டிவிடும் விளையாட்டும் உண்டு. காசு கொடுத்து உருளுகிறார்கள். ஓர் இடத்தில் டிக்கட் எடுத்த பிறகுதான், பிள்ளையைத் தள்ளும் வண்டி உள்ளே போகாது, படிக்கட்டு என்றார்கள். அந்தக் காசு திரும்பவில்லை. மகள் முகம் சுருங்கிவிட்டது. அதோடு பட்டியலை மடித்து வைக்கச் சொன்னேன்.

அதனால்தான் குயிராவு பூங்காவுக்குப் போனோம். நகரின் நடுவிலேயே இருக்கிறது. வாசலும் இல்லை, டிக்கட்டும் இல்லை. புல்வெளி, பூச்செடி, ஊஞ்சல் என்று நம் நகரசபைப் பூங்கா மாதிரித்தான் தெரியும். இருபது அடி நடந்தால் வேலி போட்ட ஒரு குழி. அதில் சாம்பல் நிறச் சேறு, நோன்புக் கஞ்சி இறுகும்போது குமிழி விட்டு "பொளக், பொளக்" என்று சத்தம் போடுமே, அதே மாதிரிக் கொதிக்கிறது. துடுப்பை எடுத்துக் கிண்ட வேண்டும் போல எனக்குக் கை துடித்தது. அப்பால் ஒரு குளம் முழுக்க ஆவி. மரப்பலகைப் பாலத்தில் நடந்தால் ஆவி வந்து மூடும். முன்னால் போகும் மகள் மறைந்து, பிறகு தெரிவாள். வேலியைத் தாண்டக்கூடாது என்று எழுதியிருப்பதை விளையாட்டாக எடுக்க வேண்டாம். 2001 ஜனவரியில் இந்தப் பூங்காவிலேயே நிலம் வெடித்துச் சேறும் கல்லும் வானத்துக்குப் பாய்ந்தனவாம். சிறு பிள்ளைகளின் கையை விடாதீர்கள்.

அங்கே கூரை போட்ட தொட்டிகள் இருந்தன. சுற்றிவர உட்காரப் பலகை. பாதத்தைச் சுடுதண்ணீரில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரமும் இருக்கலாம். இலவசம். மகள் காலை வைத்தாள். பேரன் காலை வைத்தான். கணுக்காலளவு தண்ணீர்தான், என்றாலும் நான் சப்பாத்தைக் கழற்றவில்லை. முழங்கால் வருத்தத்துக்கு இதைவிட நல்ல மருந்து வேறென்ன? மனம் விடவில்லை.

பக்கத்தில் ஒரு மாவோரிக் கிழவி இருந்தாள். நாடியில் பச்சை குத்தியிருந்தாள். அது அவர்களில் மதிப்புள்ள பெண்கள் குத்துவதாம். அவளும் முழங்காலுக்குத்தான் வந்திருந்தாள். என் முழங்காலைத் தொட்டுக் காட்டினேன். அவள் தன்னுடையதைத் தொட்டுக் காட்டினாள். மொழியில்லாமலே எங்களுக்குள் ஒரு சிநேகம். பிறகு மகள் இடையிலிருந்து மொழிபெயர்த்தாள். பிள்ளைக்கு எத்தனை நாள், தாய்ப்பால் போதுமா, பேரன்மார் சொல் கேட்கிறார்களா என்றெல்லாம் கேட்டாள். அவளுடைய பேரன்மார் கேட்பதில்லையாம். நாளை தரவேரா பக்கம் போகிறோம் என்று மருமகன் சொன்னதும், "எங்கட சனம் அங்கயிருந்து வந்ததுதான்" என்றாள். சொல்லிவிட்டுக் காலை இன்னும் கொஞ்சம் உள்ளே விட்டுக்கொண்டாள்.

அன்று பின்னேரம் ஏரிக்கரையை நான் முதன்முதலாகப் பார்த்தேன். மகள்தான் தந்திரமாகக் கூட்டிப் போனாள். கந்தகக் குடா என்று ஓர் இடம்; பறவைகளுக்கென்று விட்டிருக்கிறார்கள். கரையோரம் நடைபாதை. அங்கே ஏரி நீலமாக இல்லை. அரிசி கழுவிய தண்ணீர் போல வெளுத்துக் கிடக்கிறது. நீரில் கந்தகம் கலந்திருப்பதால் அந்த நிறம். வெள்ளைப் பாறைகளுக்கிடையில் கடற்காகங்கள் குஞ்சுகளோடு நின்று கத்துகின்றன. கரையிலேயே சிறு சிறு ஓட்டைகளில் ஆவி புஸ்ஸென்று வருகிறது. அந்தத் தண்ணீரைப் பார்க்க எனக்குப் பயம் வரவில்லை. ஏரி மாதிரியே தெரியவில்லை, அதனால்தான்.

மறுநாள் தரவேரா வீதி. நகரிலிருந்து இருபது கிலோ மீற்றருக்குள். வழியில் இரண்டு ஏரிகள் ஒன்றுக்கொன்று பக்கத்தில், நடுவே ஒரு மேடு மட்டும். அந்த மேட்டில் நின்று இருபுறமும் பார்க்கலாம். ஒன்று நீலம், திக்கிதாப்பு என்று பெயர். ஒரு தலைவனின் மகள் குளிக்கும்போது கழுத்தில் அணிந்திருந்த பச்சைக்கல் ஆபரணம் அதில் விழுந்து போனதாம். மற்றது பச்சை; ரொட்டோகாக்காஹி. அதில் குளிக்கவோ தோணி விடவோ கூடாது. அந்த மக்கள் அதைப் புனிதமாக வைத்திருக்கிறார்கள். நீல ஏரியைச் சுற்றி ஐந்தரைக் கிலோ மீற்றர் காட்டு வழி. மருமகனும் பேரனும் சுற்றி வந்தார்கள். நானும் மகளும் பிள்ளையோடு மேட்டிலேயே இருந்தோம். கால் வைக்கக் கூடாத ஒரு தண்ணீர் இருப்பது எனக்கு ஆறுதலாக இருந்தது என்றால் சிரிப்பீர்கள்.

கிழவி சொன்னதன் பொருள் அந்த வீதியின் முடிவில் விளங்கியது. தரவேரா ஏரியின் அக்கரையில் உச்சி பிளந்த ஒரு மலை. 1886 ஜூன் 10 நள்ளிரவுக்குப் பின் அந்த மலை வெடித்தது. மண்ணும் சாம்பலும் பொழிந்து கிராமங்கள் புதைந்தன. ஏறக்குறைய 120 பேர் இறந்தார்கள். மிகப் பெரும்பாலோர் மாவோரிகள். அதற்கு முன் அங்கே வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் படிப்படியாக இறங்கிய வெந்நீர்ப் பாறைகள் இருந்தன. அவற்றைப் பார்க்க ஐரோப்பாவிலிருந்தெல்லாம் கப்பலேறி வருவார்களாம். அவையும் அன்றோடு போயின.

அந்தப் பாறைகளுக்கு வெள்ளைக்காரரைக் கூட்டிப் போய்க் காட்டிய வழிகாட்டிகளில் பேர்பெற்றவள் ஒரு பெண். சோபியா ஹினெரங்கி. தாய் மாவோரி, தந்தை ஸ்கொட்லாந்துக்காரர். வெடிப்பு நடந்த இரவில் தெ வைரோவாக் கிராமத்திலிருந்த அவளுடைய வீட்டுக்குள் அறுபது பேருக்கு மேல் ஓடி வந்து ஒதுங்கினார்கள். வீட்டின் கூரை நல்ல சரிவானது. விழுந்த சாம்பல் பாரம் தங்காமல் சரிந்தது. உள்ளிருந்தவர்கள் பிழைத்தார்கள். மகள் இதைப் படித்துச் சொன்னபோது நான் எத்தனை தரம் கேட்டேன் தெரியுமா, "அறுபது பேரா? ஒரு வீட்டுக்குள்ளயா?" என்று. நம் ஊரிலும் அன்று தபாலகத் தெருவில் ஒரே வீட்டுக்குள் எத்தனை பேர் நின்றோம் என்று எண்ணிப் பார்க்க முயன்றேன். எண்ண முடியவில்லை.

பிழைத்தவர்களுக்கு இருக்க நிலமில்லை. ரொட்டொருவாவின் தெற்கே வக்கரேவரேவா என்ற இடத்திலிருந்த உறவு மக்கள் இடம் கொடுத்தார்கள். எப்படிப்பட்ட இடம்? அதுவும் கொதிக்கும் நிலம்தான்! வீட்டு முற்றத்தில் ஆவி, கோடிப்பக்கம் வெந்நீர்க் கிணறு. ஓடி வந்த சனம் அதன் மேலேயே குடியேறி, அந்த ஆவியிலேயே சமைத்து, அந்தத் தண்ணீரிலேயே பிள்ளைகளைக் குளிப்பாட்டினார்கள். சோபியாவும் அங்கேதான் வந்து, மறுபடி வழிகாட்டியாகவே வேலை செய்து, 1911 இல் மறைந்தாள். அவர்களின் சந்ததி இன்றும் அங்கே வாழ்கிறது. அந்தக் கிராமத்துக்குள் போக மட்டும் டிக்கட் உண்டு. அந்தக் காசைக் கொடுக்கலாம் என்று நானே சொன்னேன். அவர்களின் சமையல் பெட்டியைப் பார்த்தேன். தரையில் ஓட்டை, மேலே மரப்பெட்டி, மூடி. கீழேயிருந்து வரும் ஆவியில் இறைச்சியும் கிழங்கும் வேகும். எரிவாயுச் செலவு இல்லை, விறகு இல்லை! இறைச்சி நமக்குச் சரிவராது. ஆனால் வெந்நீர்க் குளத்திலேயே சாக்கில் கட்டி இறக்கி அவித்த சோளம் தருகிறார்கள். உப்பும் கந்தகமும் சேர்ந்த ஒரு ருசி. பேரன் இரண்டு தின்றான்.

இந்த நிலத்துக்கும் அளவு உண்டு. ஊரில் வீட்டுக்கு வீடு துளையிட்டு வெந்நீர் எடுத்ததில் வெந்நீர்ப் பீச்சுகள் அடங்கத் தொடங்கின. 1986 இல் அரசாங்கம் பொஹுட்டு என்ற பெரிய பீச்சைச் சுற்றி ஒன்றரைக் கிலோ மீற்றருக்குள் இருந்த துளைக் கிணறுகளை மூடச் சொன்னது. பீச்சுகள் மறுபடி உயிர் பெற்றன.

பகல் சாப்பாட்டை ரெட்வூட் காட்டில் முடித்தோம். கலிபோர்னியாவிலிருந்து கொண்டு வந்து 1901 இல் நட்ட மரங்கள். எழுபது மீற்றருக்கும் மேல் வளர்ந்து நிற்கின்றன. மரத்துக்கு மரம் தொங்குபாலம் கட்டி அதற்கு நல்ல காசு வாங்குகிறார்கள். கீழே தரையில் நடக்கக் காசில்லை. பிள்ளை வண்டி தள்ளுவதற்கு ஏற்ற பாதைகளும் உண்டு. காய்ந்த ஊசியிலை மெத்தை போலக் கிடப்பதால் சத்தமேயில்லை. புளிச்சோறும் பொரித்த முட்டையும் உண்டு, அங்கேயே விரிப்புப் போட்டு லுஹர் தொழுதோம். பிள்ளை அன்று போல் ஒரு நாளும் தூங்கியதில்லை.

மூன்றாம் நாள் சுப்ஹு தொழுத கையோடு புறப்பட்டோம். தெற்கே தௌப்போ போகும் பெரிய வீதியில் முப்பது கிலோ மீற்றரளவு போய், ஒரு மண் பாதையில் திரும்பினால், "மண்ணெண்ணெய் ஓடை" என்று ஓர் இடம். பெயர்தான் அப்படி, ஓடுவது சுடுதண்ணீர். பற்றைக் காட்டுக்குள் சில நிமிட நடை. பகலில் அங்கே ஆணும் பெண்ணும் அரைகுறை உடுப்போடு நிறைந்திருப்பார்களாம். அதனால்தான் இருட்டோடு போனோம். மருமகன் மூத்தவனோடு பாதையில் காவல் நின்றார். யாரும் வந்தால் குரல் கொடுப்பார்.

விடிந்தும் விடியாத நேரம். ஓடை முழுக்க ஆவி. ஆளுயரமும் இல்லாத ஒரு சிறு நீர்வீழ்ச்சி, அதன் கீழே ஒரு மடு, பிறகு மரங்களுக்கிடையே ஓட்டம். பிள்ளைப்பேற்றுக் காயம் ஆறாத உடம்போடு ஆற்றில் இறங்கக் கூடாது என்று மகளைக் கரையிலேயே இருத்திவிட்டேன். அவள் பாதத்தை மட்டும் விட்டுக்கொண்டாள்.

"உம்மா, நீங்க இறங்குங்க. இடுப்பளவும் இல்ல."

நான் நின்றுகொண்டே இருந்தேன். ஓடும் தண்ணீர். அடி தெரியவில்லை. போய்விடலாம் என்று திரும்பினேன். திரும்பியவள், என்ன நினைத்தேனோ, கரையிலிருந்த கல்லில் குந்தி, கைச்சட்டையைச் சுருட்டி, முழங்கையைத் தண்ணீருக்குள் விட்டேன்.

ராத்தா வார்க்கும் சூடு. கூடவுமில்லை, குறையவுமில்லை.

அப்படியே உடுத்த உடுப்போடு இறங்கிவிட்டேன். அடியில் மணலும் சிறு கல்லும் கிடந்தன. முதுகைக் கல்லில் சாய்த்துக் கழுத்தளவு நீரில் இருந்தேன். முழங்கால் வருத்தம் எங்கே போனதென்று தெரியவில்லை. அழுதேன் என்று மகள் சொல்கிறாள். எனக்கு அது ஆவியா கண்ணீரா என்று நினைவில்லை. சூரியன் மரத்துக்கு மேலே வந்த பிறகு மருமகன் குரல் கொடுத்தார். ஒரு கார் வந்திருந்தது.

போகக் கிடைக்கும் சகோதரிகளுக்கு அந்த ஓடையைப் பற்றி மூன்று விஷயம். தலையை நீருக்குள் அமிழ்த்தக் கூடாது. மூக்கினூடாகப் புகுந்து மூளையைத் தாக்கும் ஒரு நுண்ணுயிர் இப்படியான வெந்நீரில் இருக்கலாம். அதற்கான எச்சரிக்கைப் பலகைகள் வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளை நீர்வீழ்ச்சிக்குக் கீழே நிற்கவும் விடாதீர்கள். வெள்ளி மோதிரம், வளையல் எல்லாம் கழற்றிவிடுங்கள். கந்தகம் பட்டுக் கறுத்துவிடும். என்னுடைய வெள்ளி மோதிரம் இன்னும் பழைய நிறத்துக்கு வரவில்லை. உடுப்புக்குக் கறுப்போ கடும் நிறமோ நல்லது. தடித்த துணியானால் நனைந்தாலும் ஒட்டாது. துவாய் இரண்டு வேண்டும், ஒன்று காருக்குள் விரிக்க.

திரும்பும் வழியில் ஏரியின் வட கரையிலுள்ள ஹமுரானா ஊற்றுக்குப் போனோம். அது குளிர்ந்த நீர். மமாக்கு மேட்டு நிலத்தில் பெய்த மழை, நிலத்துக்குக் கீழே பல பத்து வருடங்கள் ஊர்ந்து வந்து, பதினைந்து மீற்றர் ஆழமான ஒரு குழியில் பொங்கி எழுகிறது. மணித்தியாலத்துக்குச் சுமார் நாற்பது இலட்சம் லீற்றர். அவ்வளவு ஆழமும் அடிவரை தெரிகிறது, கண்ணாடி போல. நாங்கள் போனபோது இலவசம். இப்போது கட்டணம் வாங்குகிறார்கள். நான் விளிம்பில் நின்று, கண்ணை மூடாமல், அடிவரை பார்த்தேன். மகள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டே நின்றாள். நான் பிறப்பதற்கு முன் பெய்த மழையாகவும் இருக்கலாம் என்று மருமகன் சொன்னார். ஒரு வாய் குடிக்க ஆசை, குடிக்கவில்லை.

புறப்படுமுன் மறுபடி குயிராவு பூங்காவில் நிறுத்தச் சொன்னேன். அன்று சனிக்கிழமை, காலையில் அங்கே சந்தை கூடும். கீரை, பழம், பழைய உடுப்பு, வீட்டில் செய்த ஜாம் என்று நம் ஊர்ச் சந்தையேதான். நாங்கள் போய்ச் சேர வியாபாரிகள் சாமான் கட்டிக்கொண்டிருந்தார்கள். தொட்டியடியில் அந்தக் கிழவியைக் காணவில்லை. சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் காலை வைத்துக்கொண்டு அரை மணித்தியாலம் இருந்தேன். பேரன் இன்னொரு சோளம் கேட்டு அழுதான்.

ஊருக்கு வந்த பிறகும் கடற்கரைக்கு நான் போகவில்லை. பலர் கேட்கிறார்கள், போகவில்லை. ஆனால் அந்த வருடம் நோன்புப் பெருநாள் கழிந்து, எங்கள் தெருப் பெண்கள் ஆறு பேர் ஒரு வான் பிடித்து மகா ஓயாவுக்குப் போனோம். சாப்பாட்டுப் பார்சலும் வாளியும் கொண்டு போனோம். அங்கே தண்ணீர் ரொட்டொருவா ஓடையைவிடக் கடும் சூடு. அப்படியே மேலில் ஊற்ற ஏலாது. வாளியில் அள்ளி வைத்து ஆறும்வரை பேசிக்கொண்டிருந்தோம். பக்கத்து வீட்டு மாமி அவசரப்பட்டுக் கையை விடப் போனா. "பொறுங்க மாமி" என்று முழங்கையை நான் விட்டுப் பார்த்தேன். இன்னும் கொஞ்சம் ஆற வேண்டியிருந்தது.